விக்ருதியும் தடியனும் ஒரே பையன்தான்

பெறுநர்: மாவட்ட மருத்துவ அலுவலர் (சுகாதாரம்), எர்ணாகுளம்
பார்வைக்கு: பொதுக் கல்வித் துணை இயக்குநர், காக்கநாடு சிவில் ஸ்டேஷன்
இடம்: கலூர், கொச்சி

மதிப்புக்குரிய மருத்துவ அலுவலருக்கு,

இந்த மாதத் தலையங்கத்தை உங்களுக்கு எழுதும் கடிதமாக்கியிருக்கிறேன். மலையாள நகல் ஒன்றைத் தனியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இங்கே அச்சாவது எங்கள் வாசகர்களும் படிப்பதற்காக. அவர்களில் பாதிப் பேராவது பிள்ளை வளர்ப்பவர்கள்.

கலூரில் டியூஷன் விடும் நேரம் சாயங்காலம் ஆறரை. என் மகன் வீடு திரும்பும் வழியில், தேங்காயெண்ணெய் கொதிக்கும் சட்டியின் மேலேயே நேந்திரங்காயைச் சீவிப் போடும் ஒரு சிப்ஸ் கடை இருக்கிறது. நூறு கிராம் வாங்குவான். அங்கிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. கேட்டைத் திறக்கும்போது பொட்டலத்துக்குள் கை விட்டால் உப்புத்தூள்தான் ஒட்டும். ஒருநாள் அந்தப் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, “அம்மா, இதுல நீ எடுத்தியா?” என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. தின்றது அவனுக்கு ஞாபகமில்லை. வழியில் எந்த மெட்ரோ தூணில் எந்தப் படத்தின் போஸ்டர் கிழிந்து தொங்குகிறது, எந்த ஆட்டோக்காரர் யாரோடு சண்டை போட்டார் என்று எல்லாம் சொன்னான். கை வாய்க்குப் போய் வந்தது மட்டும் எங்கேயும் பதியவில்லை.

அவனுக்கு வயது பதினாலு. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 71 கிலோ. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சி அட்டையில் அவனுடைய புள்ளி உடல்பருமன் கோட்டுக்கு மேலே விழுகிறது. ஏ.டி.எச்.டி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் கவனக்குறைவு, மிகையியக்கக் கோளாறும் அவனுக்கு இருப்பதாக மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “பேர் போடாத. சிப்ஸ் கதைய வேணும்னா எழுதிக்கோ” என்றான்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இரண்டு பட்டப்பெயர். ஆசிரியர்கள் வாயில் ‘விக்ருதி’, அதாவது அடங்காத குறும்பன். பிள்ளைகள் வாயில் ‘தடியன்’. இந்த ஊரில் இரண்டையும் வசவாக யாரும் நினைப்பதில்லை, செல்லமாகத்தான் சொல்வார்கள். கொச்சியைக் களமாக வைத்து 2012ல் ஆஷிக் அபு எடுத்த படத்துக்கே ‘டா தடியா’ என்றுதான் பெயர். ஆனால் ஒரே பிள்ளையை ஒரு நாளில் இருபது முறை இந்த இரண்டு பெயராலும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டால், தான் இரண்டு தனித்தனிக் குற்றம் செய்வதாக அவன் நம்பிவிடுகிறான். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதனால் வீட்டில் இரண்டு ஃபைல் சேர்ந்தது. எடைக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனோம். தைராய்டு பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், கழுத்துப் பின்புறம் கறுத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏழு வேளைக்கு ஏழு வரி போட்டு ஓர் அட்டவணை தந்தார்கள். காலை பதினொன்றுக்கு ஒரு கொய்யா, நாலரைக்குச் சுண்டல் ஒரு கப், இப்படி. கவனத்துக்காக இன்னொரு இடத்துக்குப் போனோம். வகுப்பில் நெளிகிறானா, வரிசையில் நிற்கப் பொறுமை உண்டா, பென்சில் தொலைக்கிறானா என்று பக்கம் பக்கமாகக் கேட்டார்கள். முதல் இடத்தில் கவனத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. இரண்டாம் இடத்தில் அவனை எடைமெஷினில் ஏற்றவே இல்லை. பதினொரு மாதம் இரண்டு இடத்துக்கும் நடந்தோம். ஒரு ஃபைலில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. பென்சில் எங்கே வைத்தோம் என்பதே நினைவில் நிற்காத பிள்ளை ஏழு வரி அட்டவணையை மட்டும் எப்படிக் காப்பாற்றுவான் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. அவன் தவறவிட்ட ஒவ்வொரு கொய்யாவுக்கும் நான் திட்டினேன். பிஸ்கட் டப்பாவைப் பரணில் ஏற்றினேன், அவன் ஸ்டூல் போட்டு ஏறினான். “நாக்கக் கட்டத் தெரியல” என்று அவன் காதுபடவே அக்காவிடம் போனில் சொன்னேன். அந்த இரண்டு இடத்தின் மேலும் எனக்கு வழக்கு இல்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். நடுவில் இருந்த சுவரைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

சுவருக்கு இரு பக்கமும் இருப்பது ஒரே வீடு என்று உலகம் கண்டுகொண்டு வெகுநாளாகிறது. சாமுவேலே கோர்டேசே என்ற மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 42 ஆய்வுகளைத் திரட்டி, 7 லட்சத்து 28 ஆயிரம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2016ல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் எழுதினார்கள். கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளில் உடல்பருமன் 10.3 சதவீதம், இல்லாத பிள்ளைகளில் 7.4. பெரியவர்களிடம் இதே கணக்கு 28.2, 16.4. இந்த நான்கு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறு வயதில் இடைவெளி சின்னது. வளர வளர வாயைப் பிளக்கிறது. அப்படியானால் பிளவு பெருகும் காலம் எது? பள்ளிக்கூடக் காலமும் அதை ஒட்டிய சில வருஷங்களும்தான். உங்கள் அலுவலகத்தின் கைக்கு எட்டும் காலமும் அதுதான்.

இன்னும் நீளமான ஓர் ஆய்வும் உண்டு. எட்டு வயதுவாக்கில் இந்தக் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்பட்ட பையன்களை 33 வருஷம் கழித்து, 41 வயதில் தேடிப் பிடித்தார்கள். 2013ல் முடிவு வந்தது. அவர்களில் 41.4 சதவீதம் பேர் உடல்பருமன் உள்ளவர்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றவர்களில் 21.6. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அமெரிக்கப் பையன்களின் கணக்கை அப்படியே கலூருக்குக் கொண்டுவர முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்முடைய உடம்பு அவர்களுடையதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வழிவிடுகிறது. அதனால்தான் குழந்தை மருத்துவர் சங்கம் தன் அட்டையில் கோட்டைக் கீழே இறக்கி வைத்தது. நமக்கு அவர்களைவிட முன்னாலேயே பயம் வர வேண்டும்.

ஒன்றை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வாரமே குண்டாக இருக்கும் பிள்ளைகளையெல்லாம் மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். இந்தக் கோளாறு உள்ள பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு உடல்பருமன் கிடையாது. நடிகர் ஃபகத் ஃபாசில் 2024 மே மாதம் நம் மாவட்டத்துக் கோதமங்கலத்தில், சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு குடியிருப்பின் திறப்பு விழாவில், தனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது 41 வயதில்தான் தெரிந்தது என்று மேடையிலேயே சொன்னார். அவரைப் பார்த்து யாரும் தடியன் என்று சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு அவர் சொன்னதில் எனக்குத் தைத்தது வேறு. சின்ன வயதிலேயே கண்டுகொண்டால் இதைச் சுலபமாகச் சமாளிக்கலாம் என்று மருத்துவர் தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். 41 வயது வரைக்கும் யாருடைய கண்ணிலும் படாமல் போக முடிகிற விஷயம் இது. நம் மாவட்டத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்களோ.

ஏன் இந்தத் தொடர்பு? வீட்டில் பார்த்ததையும் மருத்துவர்கள் விளக்கியதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு தட்டில் பழம்பொரி இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அதைப் பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவே ஒரு கணம் உண்டு. சாப்பிட்டு அரை மணிதானே ஆகிறது, ஏற்கெனவே ஒன்று எடுத்தோமே என்று மனசுக்குள் யாரோ சொல்லும் கணம் அது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கணம் மிகச் சுருங்கியிருக்கிறது. கண் பார்க்கிறது, கை போகிறது. ஆசிரியர் கேள்வியை முடிக்குமுன் பதிலைக் கத்துகிறானே, அதே அவசரம்தான் இதுவும். வகுப்பில் அதற்கு விக்ருதி என்று பெயர், சாப்பாட்டு மேசையில் தீனிப்பண்டாரம் என்று பெயர்.

நிறைந்துவிட்டது என்று வயிறு அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்ளவும் கவனம் வேண்டியிருக்கிறது. கவனம் போனில் இருந்தால் செய்தி வந்து வாசலில் நின்றுவிட்டுப் போய்விடும். மூளையில் டோபமீன் என்னும் வேதிப்பொருள் நடத்தும் வெகுமதிக் கணக்கு இவர்களிடம் வேறு மாதிரி ஓடுகிறது என்பது பலர் ஒப்பும் விளக்கம். பத்து நாள் கழித்து வரும் பெரிய பரிசைவிட இப்போதே கிடைக்கும் சின்ன இனிப்பு இழுக்கும். தூக்கமும் இதில் சேரும். இரவு பன்னிரண்டு வரை இவர்களில் பலருக்குக் கண் அடங்காது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும், போதும் என்று சொல்லும் சுரப்பு குறையும். காலையில் எழுப்ப முடியாது, புட்டும் கடலையும் மேசையில் ஆறிப்போகும், வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவான். அந்தக் கடன் சாயங்காலம் வட்டியோடு திரும்பி வரும். அப்போது முன்னால் நிற்பது முட்டை பஃப்ஸும் ஷவர்மாவும் குலுக்கி சர்பத்தும்.

மரபணுவிலும் இழை ஓடுகிறது. இந்தக் கோளாறு உள்ள 20,183 பேரையும் இல்லாத 35,191 பேரையும் ஒப்பிட்டு 2019ல் வெளியான பெரிய மரபணு ஆய்வு, கோளாறுக்கும் உடல்பருமனுக்கும் பொதுவான மரபுக்கூறுகள் இருப்பதைக் காட்டியது. அதை என் மகனிடம் சொன்னபோது, “அப்ப தாத்தா மேலதான் கேஸ் போடணும்” என்றான். அவனுடைய தாத்தா சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கல்யாணத்துக்குப் போகிற ஆள், தொந்தியும் உண்டு. அவருக்கு யாரும் எந்த ஃபைலும் திறந்ததில்லை.

மருந்து விஷயம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கோளாறுக்கு நம் நாட்டில் அதிகம் எழுதப்படுவது மெதில்ஃபெனிடேட். பசியைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு. காலையில் கொடுத்தால் மத்தியான டிபன் பாக்ஸ் மூடி திறக்காமல் திரும்பி வரும். சோறு, தோரன், பொரித்த மீன், எல்லாம் வைத்தது வைத்தபடி. மருந்தின் பிடி விடும் சாயங்கால வேளையில் பசி மொத்தமாக இறங்கும். எங்கள் வீட்டில் அது ஆறே முக்கால் மணிப் பசி. சிப்ஸ் கடையின் பெரும் வியாபாரம் அப்போதுதான். எடைக்கு எழுதிய அட்டவணையில் மாலைக்கு அரை ஆப்பிள் போட்டவருக்கு இந்த மருந்தைப் பற்றித் தெரியாது. மருந்து எழுதியவருக்கு அட்டவணையைப் பற்றித் தெரியாது. மூன்றாவதாக ஒரு மருத்துவர்தான் இரண்டு ஃபைலையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். மருந்து இறங்குமுன் காலையில் வயிறு நிறையச் சாப்பாடு, டியூஷனுக்குப் போகுமுன் ஐந்து மணிக்கே தோசையும் முட்டையும், பொட்டலம் வாங்கினால் வீட்டுக்கு வந்து கிண்ணத்தில் கொட்டித் தின்பது. இவ்வளவுதான் சொன்னார். நாலு மாதத்தில் எடை ஏறுவது நின்றிருக்கிறது. குறையவில்லை. உயரம் கூடுகிற வயது என்பதால் ஏறாமல் நிற்பதே போதும் என்கிறார்.

மேலே சொன்ன 2016 ஆய்வில், மருந்து எடுத்துக்கொள்பவர்களிடம் உடல்பருமனோடு அந்தத் தொடர்பு தென்படவில்லை. கனடாவின் டொராண்டோவில் லான்ஸ் லெவி என்பவர், என்ன செய்தும் எடை இறங்காத 242 பேரைச் சோதித்து, 78 பேருக்கு இந்தக் கோளாறு ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் ஒன்றேகால் வருஷத்தில் சராசரியாக எடையில் 12 சதவீதம் இழந்தார்கள். எடுக்காதவர்களுக்குக் கொஞ்சம் கூடியது. சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை இல்லை அது, அதனால் அதன் மேல் பெரிய மாளிகை கட்ட மாட்டேன். இதைப் படித்துவிட்டு யாராவது எடை குறைக்கும் மாத்திரை என்று மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டால் அதைவிடக் கேடு வேறில்லை. ஆம்ஃபெடமின் வகை மாத்திரைகளை இளைக்கும் மாத்திரை என்று அமெரிக்கா ஒரு தலைமுறைக்கே விழுங்கக் கொடுத்துப் பட்ட பாடு இருக்கிறது. இன்னொரு பக்கம், மூர்க்கத்தை அடக்க எழுதப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் எடையைக் கூட்டும். எது எழுதப்பட்டாலும் பக்கத்தில் ஓர் எடைமெஷின் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன்.

2013ல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் கீழ், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை 30 குறைபாடுகளைத் தேடிப் பார்க்கிறீர்கள். அந்த முப்பதில் கவனக்குறைவுக் கோளாறு இருக்கிறது. 2013லேயே அதைச் சேர்த்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கடும் ஊட்டக்குறைவும் இருக்கிறது. உடல்பருமன் இல்லை. பட்டினிக்குப் பயந்த ஒரு தேசம் எழுதிய பட்டியல் அது, பயந்ததில் தப்பில்லை. ஆனால் கேரளத்தின் கணக்கு வேறு திசையில் ஓடி வெகுநாளாயிற்று. தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015–16ல் 32.4 சதவீதம், 2019–20ல் 38.1. ஆண்களில் 28.5 என்பது 36.4 ஆகியிருக்கிறது. நாலு வருஷத்தில்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு கணக்கும் உண்டு, அதை நாமே மறந்துவிட்டோம். மனு ராஜ், கே.ஆர். சுந்தரம் முதலானோர் எர்ணாகுளம் மாவட்டப் பள்ளிகளில் 5 முதல் 16 வயதுள்ள 24,842 பிள்ளைகளை அளந்து 2007ல் இந்திய தேசிய மருத்துவ இதழில் எழுதினார்கள். அதிக எடை உள்ள பிள்ளைகள் 2003ல் 4.94 சதவீதம், 2005ல் 6.57. இரண்டே வருஷ இடைவெளியில் இவ்வளவு. எடை கூடிய பிள்ளைகளில் 17 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது, மற்றவர்களில் 10. அந்த ஆய்வில் ஒரு வரி என்னை உட்காரவைத்துவிட்டது. எடை ஏறிக்கொண்டு போனது தனியார் பள்ளிகளில் மட்டும்தான் என்கிறது அது. ஆர்.பி.எஸ்.கே. குழு போவதோ அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும். ஆக, தேடுகிற பட்டியலில் பருமன் இல்லை, பருமன் ஏறுகிற இடத்துக்குத் தேடுகிறவர் போவதில்லை.

30 வயது தாண்டியவர்களை மட்டும் நாம் விடுவதில்லை. 2022 முதல் ஆஷா சேச்சிகள் ‘ஷைலி’ ஆப்பை வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து சர்க்கரை, கொதிப்பு, புகை, மது என்று கேட்டுப் பதிகிறார்கள். நல்ல வேலை. கலூரில் எங்கள் மாடிக்கும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். ஆனால் 30 வயதில் ஆப்பில் ஏறுகிற சர்க்கரைக்கு 13 வயதிலேயே சிப்ஸ் பொட்டலத்தில் அச்சாரம் போட்டாகிவிடுகிறது. வரி போட்டும் பார்த்தாயிற்று. 2016 பட்ஜெட்டில் நம் நிதியமைச்சராக இருந்த தாமஸ் ஐசக் பர்கருக்கும் பீட்ஸாவுக்கும் 14.5 சதவீதக் கொழுப்பு வரி போட்டபோது நாடே நம்மைத் திரும்பிப் பார்த்தது. மறுவருஷம் ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கியது. அந்த வரி பெரிய கம்பெனிக் கடைக்குத்தான். பரோட்டாவுக்கும் எண்ணெய்க்கடிக்கும் அப்போதும் விலக்கு இருந்தது. அவற்றின் மேல் கை வைக்க எந்த நிதியமைச்சருக்கும் தைரியம் வராது, எனக்கும் வராது.

நான் கேட்பது பணம் செலவாகிற காரியம் இல்லை. பள்ளியில் எடை, உயரம் எழுதும் கார்டில் எடைக் கோட்டைத் தாண்டிய பிள்ளைக்கு எதிரே கவனம் பற்றி நாலைந்து கேள்வி சேருங்கள். நர்ஸ் அக்கா கேட்க இரண்டு நிமிஷம் போதும். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குக் கவனக்குறைவுக்காக வரும் பிள்ளையை எடைமெஷினில் ஏற்றாமல் அனுப்ப வேண்டாம். பரிந்துரைச் சீட்டில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும், யார் எந்த மேசையில் பார்த்தாலும் மற்றது கண்ணில் படும். எடை பார்க்கும்போது எண்ணை உரக்கச் சொல்ல வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், வரிசையில் பின்னால் நிற்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் காது இருக்கிறது. தனியார் பள்ளிகளுக்கும் ஒரு முறை போய் வாருங்கள். சட்டத்தில் எப்படி வழி என்று உங்களுக்குத்தான் தெரியும், கல்வித்துறையோடு உட்கார்ந்து பேசினால் கிடைக்காமல் போகாது.

கல்வித் துணை இயக்குநரைப் பார்வைக்குச் சேர்த்ததற்கும் காரணம் இருக்கிறது. அடங்காத பிள்ளைக்கு நம் வகுப்புகளில் கொடுக்கும் முதல் தண்டனை என்ன? பி.டி. பீரியடில் வெளியே விடாமல் உட்காரவைத்து எழுதச் சொல்வது. என் மகனுக்கு ஒரு வருஷம் முழுக்க வாரத்தில் ஒரு பீரியடாவது அப்படிப் போயிற்று. ஓடினால் கவனமும் கொஞ்சம் தெளியும், எடைக்கும் நல்லது என்று தெரிந்தும் அந்தப் பிள்ளையிடமிருந்து ஓட்டத்தைப் பிடுங்குகிறோம். அவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் நிறுத்துகிற மாதிரிதான் அது. பி.டி. பீரியடில் வேறு பாடம் எடுக்கக் கூடாது என்று துறை சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. விளையாட்டு மைதானம் இல்லாத பள்ளியை மூடலாம் என்கிற அளவுக்கு 2024 ஏப்ரலில் நம் உயர்நீதிமன்றம் பேசியது. தண்டனையாகவும் அந்தப் பீரியடைத் தொடக் கூடாது என்று இன்னொரு வரி சேர்த்தால் போதும். மைதானத்துக்குப் போனாலும் முறை வரும்வரை காத்திருக்கத் தெரியாத பிள்ளையைப் பந்து விளையாட்டில் யாரும் சேர்ப்பதில்லை. ஓட்டம், நீச்சல், ஸ்கிப்பிங் போல் தன் போக்கில் செய்வதை அவனுக்கு முதலில் கொடுக்கச் சொல்லுங்கள்.

தமிழர் பத்திரிகை என்பதால் ஒன்று கேட்காமல் முடிக்க முடியாது. மட்டாஞ்சேரியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மலையாளம் தாய்மொழி மாதிரிதான். வில்லிங்டன் தீவில் வாத்துருத்தியின் ஒற்றை அறை வீடுகளில் இருப்பவர்கள் நிலைமை அப்படி இல்லை. சிவகாசியிலிருந்தோ தேனியிலிருந்தோ வந்து, அப்பாவும் அம்மாவும் விடியுமுன் வேலைக்குக் கிளம்பி, பிள்ளை பத்து ரூபாயோடு டீக்கடையில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் வீடுகள். ‘பெரும்பாலும்’, ‘எப்போதாவது’ என்று கட்டம் கட்டமாகக் கேட்கும் படிவத்தை மலையாளத்தில் நீட்டினால், அந்தத் தாய் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடுவாள். கோயம்புத்தூரின் ஆரம்பப் பள்ளிகளில் எடுத்து 2013ல் வெளியான ஒரு கணக்கில் 11.32 சதவீதம் பிள்ளைகளுக்கு இந்தக் கோளாறு தென்பட்டது. வாளையாறைத் தாண்டி வரும்போது அந்த எண்ணும் கூடவே பஸ் ஏறி வரும். தமிழிலும், வங்காளத்திலும் இந்தியிலும் ஒடியாவிலும் அந்தப் படிவம் இருக்க வேண்டும். தமிழ்ப் படிவத்தை எழுதித் தர எங்கள் பத்திரிகை தயார், கூலி வேண்டாம்.

கலூரில் இப்போது காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்டேடியத்தைச் சுற்றி நானும் அவனும் போகிறோம். நடப்பவர்கள் கூட்டம் அங்கே பெரிது, பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள், மீதிப் பேருக்கு மருத்துவர் பயம் காட்டியிருக்கிறார். நான் நடப்பேன், அவன் ஓடுவான். முதல் சுற்றில் என்னோடு வருவான், இரண்டாம் சுற்றில் என்னைத் தாண்டிப் போய்விடுவான், மூன்றாவதில் எங்காவது நின்று ஒரு நாயோடு பேசிக்கொண்டிருப்பான். முந்தாநாள் திரும்பி வந்து, “இங்க மொத்தம் எத்தனை கேட் இருக்குன்னு தெரியுமா?” என்று கேட்டான். எண்ணிக்கொண்டே ஓடியிருக்கிறான். பாதியில் நாய் வந்துவிட்டதால் கணக்கு விட்டுப்போயிற்றாம், நாளைக்குத் திரும்ப முதலிலிருந்து எண்ணப் போகிறானாம்.

ஜூனில் பள்ளி திறக்கும். புதிய கார்டு அச்சுக்குப் போகுமுன் உங்கள் பதில் வந்தால், இதே பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட வெட்டாமல் போடுகிறேன்.

பணிவுடன்,
ஆசிரியர்